மாடா, ஆடா என்று கேட்டார்கள்: கால்நடை நுண்ணுயிரியல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நுண்ணுயிரியல் படிப்பவர்களுக்கும் சொல்லித்தருபவர்களுக்கும் வணக்கம்.

நான் திருச்சியில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. பூனை வளர்ப்பவள், அவ்வளவுதான். இந்த மடலை நான் ஆறேழு வருடத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்போது யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை, என்ன கேட்பது என்றும் தெரியவில்லை.

2018 ஐப்பசியில் எங்கள் வெல்லத்துக்கு வயிறு வீங்கியது. பத்து மாதக் கடுவன் குட்டி, செம்மஞ்சள் நிறம். தீனியைக் குறைத்துக்கொண்டே வந்தான். தடவிக்கொடுத்தால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டுப்பட்டது, வயிறு மட்டும் பானை மாதிரி. காய்ச்சல் ஏறும், ஊசி போட்டால் இறங்கும், மறுநாள் மறுபடி ஏறும். டாக்டர் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார். நல்லெண்ணெய் நிறம், விரலில் தொட்டால் இழுபட்டது. "ஏதோ வைரஸ் மாதிரி இருக்கும்மா" என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமையிலும் கதவைத் திறந்து பார்த்தவர் அவர்.

அந்த நீரில் கொஞ்சத்தை ஒரு சிறு குப்பியில் வாங்கிவந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். எங்காவது சோதித்துச் சொல்வார்கள் என்று நம்பி ஓர் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "மாடா, ஆடா?" பூனை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பூனைக்கெல்லாம் இங்கே பார்க்கிறதில்லைங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இரண்டு நாள் கழித்து வெல்லத்தை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து, அந்தக் குப்பியையும் கொட்டினேன். மூன்று வாரத்தில் அவனோடு ஒரே ஈற்றில் பிறந்த இஞ்சியும் அதே மாதிரி வயிறு வீங்கிப் போனாள். அந்த நோய்க்கு என்ன பெயர் என்றுகூட அன்று எனக்குத் தெரியாது.

பெயர் எஃப்ஐபி. பூனைகளுக்கு வரும் ஒரு கொரோனா வைரஸ் நோய். உங்களுக்குப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கமோ அரைப் பக்கமோ வந்திருக்கும். நான் அதை அகராதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்படிப் படிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது. நீல்ஸ் பெடர்சன், கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம். அவரைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல். உங்கள் துறைக்காரர். பூனைகளின் தொற்றுநோய்களுக்காகவே ஏறக்குறைய ஐம்பது வருட உழைப்பைக் கொடுத்தவர்.

எஃப்ஐபியை முதலில் தனி நோயாக விவரித்தவர் பாஸ்டன் நகரின் கால்நடை மருத்துவர் ஜீன் ஹோல்ஸ்வொர்த், 1963 இல். பெடர்சன் 1967 இல் டேவிஸில் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றார். பிறகு ஆஸ்திரேலியாவில் நோய் எதிர்ப்பியல் படித்துவிட்டு, 1972 இல் டேவிஸுக்கே ஆசிரியராகத் திரும்பினார். அன்றைக்கு எஃப்ஐபி என்றால் மரணம் என்றுதான் அர்த்தம். மாட்டு நோய் என்றால் பாலும் பணமும் இருக்கிறது, கோழி நோய் என்றால் பண்ணைகள் இருக்கின்றன. பூனையின் வயிற்றில் நீர் கோத்தால் யாருக்கு நஷ்டம்? அப்படிப்பட்ட ஒரு நோயை அவர் பிடித்துக்கொண்டார்.

பிடித்த நோய் லேசில் வழிக்கு வரவில்லை. சாதாரணப் பூனைக் கொரோனா வைரஸ் குடலில் இருப்பது. மலத்தின் வழியாக, ஒரே மண் தட்டைப் பல பூனைகள் பயன்படுத்தும் வீடுகளில் எளிதாகப் பரவும். பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டு நாள் பேதி, இல்லையென்றால் அதுவும் இல்லை. அவற்றில் சில பூனைகளுக்கு மட்டும், உடம்புக்குள்ளேயே வைரஸ் உருமாறுகிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்களுக்குள்ளேயே புகுந்து பெருகக் கற்றுக்கொள்கிறது. காவல்காரன் தோளிலேயே ஏறிக்கொண்டு ஊர் சுற்றுகிற திருடன் மாதிரி. அப்புறம் ரத்தக் குழாய்களில் அழற்சி வந்து நீர் கசிகிறது, வயிறு வீங்குகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குட்டிகள்தான் அதிகம் மாட்டுகின்றன.

தடுப்பூசி போட்டுத் தடுத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். 1980 இல் பெடர்சன் குழு காட்டியது அதற்கு நேர் எதிரானது. ஏற்கெனவே எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உள்ள பூனைகளுக்கு நோய் இன்னும் வேகமாக வந்தது. எதிர்ப்பொருளே வைரஸை அந்த வெள்ளை அணுக்களுக்குள் கொண்டுபோய் விடுகிறது. உடம்பின் காப்பே உடம்புக்கு எதிராகத் திரும்புகிற நோய். இதைப் படித்த அன்று எனக்கு வெல்லத்தின் மேல் புதிதாக ஒரு பரிதாபம் வந்தது.

இதற்கு நடுவே அவர் வாழ்க்கையில் வந்த இன்னொரு கதையைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1986 வாக்கில், கலிபோர்னியாவின் பெட்டலூமா ஊரில் நிறையப் பூனைகள் வளர்க்கும் ஓர் இடம். ஒரு கூண்டில் இருந்த பூனைகள் மட்டும் ஒவ்வொன்றாக மெலிந்து, வாய்ப்புண் வந்து, தொற்று மேல் தொற்று வந்து செத்துக்கொண்டிருந்தன. அன்று தெரிந்திருந்த, ரத்தப் புற்றுநோய் தரும் லுக்கேமியா வைரஸ் எந்தப் பூனையிலும் இல்லை. அத்துடன் விஷயத்தை முடித்திருக்கலாம். வளர்த்தவர் விடவில்லை, டேவிஸில் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள். பெடர்சனும் ஜேனட் யமமோட்டோவும் மற்றவர்களும் அந்தப் பூனைகளின் ரத்தத்திலிருந்து ஒரு புது வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1987 இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. நோய்க்குறி இருந்த 25 பூனைகளில் 10 இல் அந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் இருந்தது, நலமாக இருந்த 18 இல் ஒன்றில் மட்டும். அதைத்தான் இன்று எஃப்ஐவி என்கிறோம். மனிதரின் எச்ஐவியைக் கண்டுபிடித்து நாலு வருடம்கூட ஆகாத சமயம். எய்ட்ஸைப் புரிந்துகொள்ள உலகமே திணறிக்கொண்டிருந்தபோது, அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று ஒரு கூண்டுப் பூனைகளிடம் கிடைத்தது. மனிதருக்கு அது ஒட்டாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

அதற்கு இருபது வருடம் முன்பு கிளாஸ்கோவிலும் இதே கதைதான். ஒரே வீட்டுப் பூனைகளுக்கு அடுத்தடுத்து புற்றுநோய் வருகிறதே என்று உள்ளூர் கால்நடை மருத்துவர் ஒருவர் கவனித்துச் சொன்னார். பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ஜாரெட் அதைத் தட்டிக்கழிக்காமல் எடுத்துப் பார்த்தார். 1964 இல் பூனை லுக்கேமியா வைரஸ் வெளிப்பட்டது. தடுப்பூசியும் பின்னால் வந்தது.

ஒரு வீடு. ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும் பூனைகள். அதைச் சொல்ல ஒருவர், கேட்க ஒருவர். பெட்டலூமாவிலும் கிளாஸ்கோவிலும் தொடக்கம் இதுதான். பெரிய கருவிகள் எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் வீட்டிலும் மூன்று வாரத்தில் இரண்டு பூனைகள் செத்தன, சொல்ல நான் இருந்தேன். கேட்கத்தான் இடம் இல்லை.

மருந்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பெடர்சன் வேலையிலிருந்து ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் எஃப்ஐபியை விடவில்லை. கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்களோடு சேர்ந்து ஜிசி376 என்ற மருந்தை முதலில் 20 பூனைகளில் பார்த்தார். பல பூனைகள் எழுந்து நடந்தன, ஆனால் நிறையப் பூனைகளுக்கு நோய் திரும்பியது. அடுத்து கிலியட் நிறுவனத்திடமிருந்து கிடைத்த ஜிஎஸ்-441524. 31 பூனைகள். ஐந்து பூனைகள் இடையிலேயே இறந்தன, அவற்றில் நான்கு முதல் சில நாட்களுக்குள். 26 பூனைகள் 12 வார ஊசியை முடித்தன. எட்டுப் பூனைகளுக்கு நோய் திரும்பியது, அவற்றுக்கு மறுபடி மருந்து கொடுத்தார்கள். கடைசியில் 25 பூனைகள் நீண்ட நாள் பிழைத்தன. 2019 தொடக்கத்தில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. எங்கள் முருங்கை மரத்தடி மண் இறுகி மூன்று நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

அந்த மருந்தின் நெருங்கிய உறவு எது தெரியுமா? கோவிட்டுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர். உடம்புக்குள் போனதும் ரெம்டெசிவிர் பெரும்பாலும் ஜிஎஸ்-441524 ஆகத்தான் ரத்தத்தில் சுற்றுகிறது. 2021 மே மாதம் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில், வெயிலில், கையில் மருந்துச் சீட்டோடு நின்ற வரிசையை நாம் யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்தப் பெயரை நம் ஊர் கேள்விப்படுவதற்கு முன்பே, டேவிஸில் சில பூனைகள் அதன் உறவு மருந்தால் பிழைத்து வீட்டுக்குப் போயிருந்தன. பூனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்ல எனக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் மருந்து இருக்கிறது என்று தெரிந்தும், கடையில் கிடைக்கவில்லை. நிறுவனம் அதைப் பூனை மருந்தாகக் கொண்டுவரவில்லை. அனுமதியில்லாத தயாரிப்புகள் சமூக ஊடகக் குழுக்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவின. பிரிட்டனில் 2021 ஆகஸ்டில்தான் முறையான வழி திறந்தது, அமெரிக்காவில் 2024 இல்.

எங்கள் முத்துவுக்கு 2022 இல் வயிறு வீங்கியபோது நானும் அப்படி ஒரு குழுவில்தான் போய் நின்றேன். இந்த முறை ஓர் இளம் டாக்டர் கிடைத்தார். ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம், கலக்கிவிட்டு மேலே முத்துவின் வயிற்று நீர் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு கரையவில்லை. ஜெல்லி மீன் மாதிரி வால் விட்டுக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. ரிவால்டா சோதனை என்றார். நூறு வருடத்துக்கும் பழைய சோதனை, ஐந்து ரூபாய்கூட ஆகாது. கரைந்துவிட்டால் எஃப்ஐபி அநேகமாக இல்லை எனலாம், கரையாவிட்டால் சந்தேகம் பலம், ஆனால் அதுவே முடிவு இல்லை, வேறு சில நோய்களிலும் இப்படி வரும் என்று பொறுமையாக விளக்கினார். அந்தச் சொட்டு இறங்குவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு வருடம் முன்பு ஃபிரிட்ஜில் இருந்த குப்பியின் நினைவு வந்தது.

பெயர் ஒட்டாத குப்பிகளில் மருந்து வந்தது. உள்ளே எவ்வளவு மருந்து, எங்கே செய்தது, எதுவும் எழுதியிருக்கவில்லை. 84 நாள், இரவு எட்டு மணிக்கு ஊசி. அந்தத் திரவம் அமிலத் தன்மை உள்ளது, தோலுக்கடியில் எரியும். ஏழரை ஆனாலே முத்து கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். முதுகில் இரண்டு இடத்தில் புண் வந்தது. அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நான் போடுவது மருந்தா தண்ணீரா என்றே தெரியாமல் ஊசி போட்ட அந்த இரவுகளை என்னவென்று சொல்வது? நான்காம் நாள் காய்ச்சல் நின்றது. இரண்டாம் வாரம் வயிறு வற்றியது. பிழைத்துவிட்டான். அதே குழுவில் அதே மாதம் மருந்து வாங்கிய இன்னொருவரின் பூனை பிழைக்கவில்லை. குப்பி சரியில்லையா, நோய் முற்றிவிட்டதா, நோயே வேறா? அவருக்கும் அது தெரியாது. சொல்லவும் யாரும் இல்லை.

ஊசிதான் வழி என்பதும் மாறிவிட்டது. ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் காத்ரின் ஹார்ட்மன் குழு வாய்வழி மருந்து கொடுத்த 18 பூனைகளும் பிழைத்தன என்று 2021 இல் எழுதினார்கள். வயிற்றில் நீர் கோத்த வகைக்கு 84 நாள் தேவையில்லை, 42 நாளே போதும் என்று அதே குழு 2024 இல் காட்டியது. பாதி நாள், பாதிச் செலவு. இந்தச் செய்தி இங்கே பூனை வளர்ப்பவர்களுக்கு எந்த வழியாக வந்து சேர வேண்டும்? இன்று வாட்ஸ்அப் வழியாக வருகிறது, பாதி தப்பாக.

சைப்ரஸ் தீவில் 2023 இல் நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூனைக் கொரோனாவும் நாய்க் கொரோனாவும் கலந்து ஒரு புது வைரஸ் உருவாகி, பூனையிலிருந்து பூனைக்கு எஃப்ஐபியாகவே பரவியது. வழக்கமாக எஃப்ஐபி அப்படிப் பரவாது. பயத்தில் பெரிய பெரிய எண்ணிக்கைகள் சொல்லப்பட்டன, பிறகு அவை மிகை என்று தெரிந்தது. ஆனால் வைரஸ் உண்மை. மனிதருக்காக வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரைகளை அந்த நாட்டு அரசு பூனைகளுக்குத் திறந்துவிட்டது. அது புது வைரஸ் என்று கண்டுபிடிக்க முடிந்தது எதனால்? செத்த பூனைகளின் மாதிரிகளை யாரோ எடுத்துவைத்தார்கள், மரபணுவைப் படித்தார்கள். அதே வைரஸ் நாளை நம் தெருவில் வந்தால் நமக்குத் தெரியுமா என்று யோசிக்கும்போது எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன்.

பூனைக்கும் ஒரு வாசல் வேண்டும். மாவட்டங்களில் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் அவை செய்யும் வேலையின் அருமை எனக்குத் தெரியும், என் அப்பா வீட்டில் ஆடு இருந்தது. அங்கே ஒரு பூனையின் வயிற்று நீரையும், ரத்தத்தையும், மலத்தையும் வாங்கிக்கொள்ளட்டும். கட்டணம் வைத்தாலும் சரி, கொடுப்போம். அங்கே முடியாததைக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். ஒரத்தநாடு எங்களுக்குப் பக்கம்தான், நாமக்கல்லும் பக்கம்தான். முதுகலை மாணவர் ஒருவர் இரண்டு வருடம் இதை எடுத்துச் செய்தாலே, தமிழ்நாட்டில் எந்த வகைக் கொரோனா சுற்றுகிறது, எஃப்ஐவி எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒரு தொடக்கம் கிடைத்துவிடும். பூனைப் பார்வோ வைரஸ் பற்றி நம் ஊரிலும் ஆராய்ச்சி நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதே கை கொஞ்சம் நீளட்டும் என்றுதான் கேட்கிறேன்.

மாதிரி தீர்ந்ததும் கொட்டிவிடாதீர்கள், உறையவைத்து வையுங்கள். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது, ஒரு குப்பியைக் கொட்டியவள் நான்.

இன்னொன்று, வளர்ப்பவர்களிடம் நேராகத் தமிழில் பேசுங்கள். எஃப்ஐவி இருக்கிறது என்று தெரிந்ததும் பூனையைக் கொண்டுபோய் விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டால் அது வருடக் கணக்கில் வாழும், முக்கியமாகக் கடியால்தான் பரவும், மனிதருக்கு வராது என்று பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரே ஒரு பக்கம் இருந்தால் போதும். கர்ப்பமானதும் பூனையை வெளியே விடச் சொல்கிறார்களே, அதற்கும் அப்படித்தான். வயிற்றுப் பிள்ளையைத் தாக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை வழியாகப் பரவும் விதத்தை 1970 வாக்கில் வெளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர், இந்தியாவில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டுப் போன ஜே. பி. துபே. அந்த ஆராய்ச்சி சொல்வது என்ன? பூனை மலத்தில் வெளிவரும் முட்டைக்கூடு தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். பூனையும் பொதுவாகத் தன் வாழ்நாளில் ஓரிரு வாரம்தான் அதை வெளியிடும். மண் தட்டை வேறொருவர் தினமும் சுத்தம் செய்து, கறியை நன்றாக வேகவைத்து, காய்கறியைக் கழுவிச் சாப்பிட்டால் பூனையும் வீட்டில் இருக்கலாம், தாயும் பிள்ளையும் நலமாக இருக்கலாம். நம் நாட்டில் படித்தவர் கண்டுபிடித்ததை நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்ல ஐம்பது வருடம் போதவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

மருந்து விஷயத்தில் உங்கள் கையில் எல்லாம் இல்லை, தெரியும். அது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை. ஆனால் அவர்களிடம் போய்க் கேட்க எங்களிடம் என்ன இருக்கிறது? இத்தனை பூனைகளுக்கு உறுதியான எஃப்ஐபி, இத்தனை பூனைகள் பெயரில்லாத மருந்தில் பிழைத்தன, இத்தனை பிழைக்கவில்லை என்று ஒரு கணக்கை வைக்க உங்களால்தான் முடியும். ரெம்டெசிவிரைக் கோவிட் காலத்தில் இந்திய நிறுவனங்களே இங்கே செய்தன. செய்யத் தெரியாத மருந்து இல்லை. இது தேவை என்று சொல்ல, உங்கள் கையெழுத்துள்ள ஒரு தாள் வேண்டும்.

முத்துவுக்கு அந்த 84 நாளும் தினமும் எடை பார்த்தேன். எடை ஏற ஏற மருந்தின் அளவையும் ஏற்ற வேண்டும், ஏற்றாவிட்டால் நோய் திரும்பும் என்று சொல்லியிருந்தார்கள். மளிகைக் கடைத் தராசில் தொடங்கி, பிறகு ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். எடை, காய்ச்சல், தீனி, எந்தக் குப்பி, ஊசி போட்ட இடம், எல்லாம் நாள்வாரியாக ஒரு நாற்பது பக்க நோட்டில் இருக்கிறது. மூன்று முறை எடுத்த ரத்தச் சோதனைத் தாள்களும் இருக்கின்றன. காலிக் குப்பிகள் இரண்டை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அடியில் துளி ஒட்டியிருக்கிறது. முத்து இப்போது நாலரைக் கிலோ. கூடையில் வைத்தால் பேசாமல் வருவான், ரத்தம் எடுக்க விடுவான்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சொல்லுங்கள். விடுமுறை நாளில் நோட்டோடும் டப்பாவோடும் அவனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
வெல்லம், இஞ்சி, முத்துவை வளர்த்தவள்
திருச்சிராப்பள்ளி